பெற்றோர் விருப்பம்

மாற்றுச் சான்றிதழில் ‘பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம்’ என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலும் அதில் நாங்கள் எழுதுவது இரண்டே வார்த்தை: பெற்றோர் விருப்பம்.

2012 மே மாதம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, சமூக அறிவியல் டீச்சர். எழுத்தர் லீவு என்பதால் டி.சி. புத்தகம் என் மேசைக்கு வந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை, அவள் அம்மா, கூடவே கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு இன்னொரு அக்கா. பேசியதெல்லாம் அந்த அக்காதான். “வயசு பதினஞ்சு ஆயிருச்சுல்ல டீச்சர்?” என்று இரண்டு தடவை கேட்டார். ஜூன் வந்தால் பதினைந்து என்றேன். “அப்பச் சரி மதினி, ஜூன்லயே அனுப்பிருவோம்” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். எங்கே அனுப்புகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். அவர் ஃபைலிலிருந்து ஒரு நோட்டீஸ் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார், ‘வேற பிள்ளைக இருந்தாச் சொல்லுங்க’ என்று. ரோஸ் கலர் தாள். தாலி, குத்துவிளக்கு படம். மூன்று வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம்.

அந்த அம்மா மட்டும் போகும்போது நின்று கேட்டார்: “பயமில்லையே டீச்சர்?” நான் சொன்னேன், “ஹாஸ்டல்தானே, பாதுகாப்பாத்தான் இருக்கும்.”

அந்த வரியில் பெற்றோர் விருப்பம் என்று எழுதினேன். கையெழுத்து தலைமையாசிரியருடையது என்றாலும் எழுத்து என்னுடையது.

இப்போது எங்கள் பள்ளியில் ஆள்கடத்தல் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குக் குறைவே இல்லை. ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். ஜூலை 30 ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாள். பிப்ரவரி 9 கொத்தடிமை ஒழிப்பு நாள். வெயிலில் நிற்க வைத்து, உறுதிமொழி வாசித்து, போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டால் முடிந்தது. தட்டிகளில் எல்லாம் ஒரே படம்: சங்கிலி போட்ட பிஞ்சுக் கை, பின்னால் ஒரு கறுப்பு உருவம். பிள்ளைகளும் அதைப் பார்த்து வருஷா வருஷம் ஓவியப் போட்டியில் கறுப்பு உருவமே வரைகிறார்கள். ஒருத்தியாவது பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருக்கும் அத்தையை வரைந்ததில்லை.

சொல்லிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி. கடத்தல் என்றால் நம் காதில் விழுவது சந்தன மரம், தங்கம், வேனில் வாயைப் பொத்தித் தூக்கிப் போவது. ஊர்ப் பேச்சில் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்று ஒருவன், கோணிச் சாக்கோடு. அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 மே மாதம் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக் கிடந்த நேரம். குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர்ப் பக்கம் போன சென்னைக் குடும்பம் ஒன்று, வழியில் காரை நிறுத்திப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி செத்துப்போனார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ‘தெரியாதவங்க குடுத்தா வாங்காதே’ என்று யாராவது ஒரு டீச்சர் சொல்லிக் கொடுத்திருப்பார்.

எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் ஒருவரும் தெரியாதவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியும் சொந்த ஊர்க்காரன்தான், பலருக்குச் சொந்தக்காரனும்கூட. முன்பணத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தவன்.

சட்டத்துக்கு இது தெரியும். 2000-இல் ஐ.நா. கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறை ஆள்கடத்தலை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது: என்ன செய்தார்கள், எந்த வழியில் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள். ஆள் சேர்ப்பதும் அழைத்துப் போவதும் தங்க வைப்பதும் முதல் கணக்கு. மிரட்டல், ஏமாற்று, பணம் காட்டுவது இரண்டாவது. சுரண்டல் மூன்றாவது. பதினெட்டு வயதுக்குள் இருந்தால் நடுவில் உள்ளதைப் பார்க்கவே வேண்டியதில்லை. நம் நாட்டில் 2013-இல் திருத்திய இந்திய தண்டனைச் சட்டம் 370-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 143 ஆகியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. “நானாத்தான் டீச்சர் போனேன்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிற பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த ஒரு வரி. பத்தாம் வகுப்பில், ஆள்கடத்தலையும் கட்டாய வேலையையும் தடுக்கிற அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு நடத்துகிறோம். மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். 23-ஆவது பிரிவுக்கும் அத்தை வீட்டு ஃபைலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவர்களுக்கும் தோன்றுவதில்லை, பல வருஷம் எனக்கும் தோன்றவில்லை.

கொரோனாவுக்கு அப்புறம்தான் தோன்றியது. 2021 செப்டம்பர் 1, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறந்த நாள். என் வகுப்பில் ஐந்து இடம் காலி. இரண்டு பிள்ளைகள் மில்லுக்கு, ஒருத்திக்குக் கல்யாணம், ஒரு பையன் முறுக்குக் கம்பெனிக்கு, இன்னொருவன் எங்கே என்றே தெரியவில்லை. அதற்கு முன்னாலும் போனார்கள், ஒவ்வொருவராக. இப்போது ஒரே நாளில் ஐந்து காலியிடமாகப் பார்த்ததில் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய கல்விச் சான்றிதழ்ப் பையைக் கிளறி அந்த ரோஸ் நோட்டீஸை எடுத்தேன். ஏன் அத்தனை வருஷம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன் என்று இப்போதும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதினேன். முதல் ஆறு மாதம் நாளுக்கு 60 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 ரூபாய் கூடும். சாப்பாட்டுக்கு நாளுக்கு 15 ரூபாய் பிடித்தம். மூன்று வருஷம் முடிந்தால் 40,000. “கணக்குப் போடுங்க, மொத்தம் எவ்வளவு கையில வரும்?”

சமூக அறிவியல் பீரியடில் கணக்கா என்று முனகினார்கள். மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டோம். சம்பளம் 79,560. திட்டப் பணம் சேர்த்தால் 1,19,560. பெருக்கி முடித்ததும் பின் பெஞ்சில் விசில் சத்தம். லட்சம் தாண்டிவிட்டதே. சாப்பாட்டுக் காசு 16,425 கழியுங்கள் என்றேன். 1,03,135. அப்போதும் லட்சம். “இப்ப இத 1,095 நாளால வகுங்க.”

94 ரூபாய் சொச்சம். வகுப்பு கொஞ்சம் அடங்கியது. அதே 2012-இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 132 ரூபாய் என்று பக்கத்தில் எழுதினேன்.

பாடம் என் கையை விட்டுப் போனது அதற்கப்புறம்தான். ஒரு பிள்ளை எழுந்தாள். “டீச்சர், லீவு போட்ட நாளு கணக்குல வராது. அதையும் சேத்து ஓட்டணும். எங்கக்கா மூணு வருச ஸ்கீம முடிக்க மூணு வருசம் ஏழு மாசம் ஆச்சு.” இன்னொருத்தி: “எட்டு மணி நேரம்னு போட்டுருக்காங்கள்ல, பன்னெண்டு டீச்சர். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலைன்னா திரும்ப நிக்கணும்.” “நடுவுல வந்துட்டா அந்த நாப்பதாயிரம் கெடையாது.” “பொங்கலுக்கு வந்தா துணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போனாத்தான் நல்ல டிபார்ட்மென்ட் குடுப்பாங்க.” நோட்டீஸில் இல்லாத ஷரத்துகளைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பலகை போதவில்லை. ஒன்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கிய டீச்சருக்குத் தெரியாதது பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் இல்லாதது தகவல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பலகையில் போட்டுக் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு பீரியட் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், கேட்டாள்: “இங்க சும்மா இருந்தா அந்தத் தொண்ணூத்தி நாலும் இல்லையே டீச்சர்?”

விழிப்புணர்வுக் கையேடு எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ‘கல்வியே செல்வம்’ என்று அந்த நேரத்தில் சொன்னால் பிள்ளைகள் முகத்துக்கு நேராகச் சிரிக்காமல் இருப்பதே மரியாதை. மணி அடித்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலாவது கிடைத்தது 2022 செப்டம்பரில். அதுவரை மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. பத்தாவது படித்திருந்தால் 25,000, பட்டம் வாங்கியிருந்தால் 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம். அதை மாற்றிப் புதுமைப் பெண் ஆக்கினார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். குறை சொல்லலாம், ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்குமே போய்விடும். ஆனால் பலகையில் எழுதியபோது ஒருத்தி உடனே பெருக்கினாள்: மூன்று வருஷ டிகிரிக்கு 36,000. “ஸ்கீம் காசு கிட்ட வந்துருச்சே டீச்சர்!” மில்காரன் மூன்று வருஷத்துக்கு நாற்பதாயிரம், அரசாங்கம் மூன்று வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம். யார் யோசித்து வைத்தார்களோ தெரியாது, எனக்கு அது தற்செயலாகப் படவில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது.

ராமாமிர்தம் அம்மையார் யார் என்று அன்றைக்கே சொன்னேன். சின்ன வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் பெற்றவளாலேயே தேவதாசிக் குடும்பத்துக்கு விற்கப்பட்டவர். பின்னாளில் அந்த முறையையே ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. “பெத்த அம்மாவேவா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பெற்றோர் விருப்பம்.

அம்மாக்களைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது மில் ஏஜென்ட் நீட்டுகிற ஐயாயிரம் ரூபாய் முன்பணம் என்னவாகத் தெரியும் என்பது மாதச் சம்பளக்காரிக்குப் புரியாது. ஆனால் அந்த முன்பணம்தான் கண்ணி. அதை வாங்கிய அன்றிலிருந்து பிள்ளை வேலைக்காரி இல்லை, கடனுக்கு ஈடு. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லவே செல்லாது. கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது, உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை அரசு தரலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது ஒரு தாத்தா, “வாங்குன கடனக் குடுக்காம இருக்கச் சொல்லியா புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்குறீக?” என்று கேட்டார். கூட்டம் அவர் பக்கம்தான் தலையாட்டியது. எங்கள் ஊரில் கடன் என்பது மானம்.

பையன்கள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு வெற்றிகூட இல்லை. உசிலம்பட்டி, சேடபட்டி, டி.கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்குப் பையன்கள் போவது பல வருஷக் கதை. கோடை லீவுக்கு என்று போவார்கள். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்ட வேண்டும், படுக்கும்போது நடுச்சாமம். திருவிழாவுக்குத் திரும்பும்போது புதுச் சட்டை, டச் போன். முழங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள் இருக்கும், அதை முழுக்கைச் சட்டை மூடிவிடும். அவனே அடுத்த செட்டுக்கு ஏஜென்ட். சங்கிலி போட்ட பிஞ்சுக் கைப் படத்தை அவனிடம் காட்டினால் சிரிப்பான். படித்தவனுக்கும் இதே வலைதான்: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று நம்பிப் போன நம் பையன்கள் மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக்கு உட்கார்த்தப்பட்டு, 2022-இல் மீட்டுக்கொண்டு வரப்பட்டார்கள். அதைச் சொன்னால் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.

கணக்கு வகுப்பு போக நான் செய்கிற இன்னொன்று ரொம்பச் சின்னது. புத்தகத்தை மூடச் சொல்லி, அம்மாவுடைய போன் நம்பரைப் பார்க்காமல் எழுதச் சொல்வேன். முதல் தடவை 34 பேரில் 11 பேர்தான் சரியாக எழுதினார்கள். நம்பர் போனில் இருக்கிறது, போன் வார்டன் பீரோவில் இருக்கிறது என்றால் பிள்ளை என்ன செய்வாள்? வாரம் ஒரு தடவை பேச விட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசணுமாம். அதனால் வீட்டோடு ஒரு ரகசிய வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருத்தி மறுநாள் வந்து காதோடு சொன்னாள். “வெள்ளாடு குட்டி போட்டுருச்சான்னு கேட்டா, உடனே வந்து கூட்டிட்டுப் போன்னு அர்த்தம் டீச்சர்.” உங்க வீட்டில் ஆடு இருக்கா என்றேன். “இல்ல. அதான.”

உதவிக்குக் கூப்பிடுகிற நம்பர்கள், குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, பள்ளிக்கூட விஷயத்துக்கு 14417 எல்லாம் சுவரில் எழுதியிருக்கிறது. ‘மாணவர் மனசு’ பெட்டியும் இருக்கிறது. அதில் விழுவது பெரும்பாலும் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற சீட்டுதான். அதுவும் நியாயமான சீட்டுதான்.

போன டிசம்பரில் அந்த 2012 பிள்ளை பள்ளிக்கு வந்தாள். பிள்ளை என்கிறேன், அவள் மகள் ஒன்றாவது படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச முடியுமா என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். அழுவாள், பிள்ளைகள் மனதில் பதியும் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் அழவில்லை. “அங்கதான் நான் முத முதல்ல மூணு வேளையும் சோறு தின்னேன்” என்று ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் டிவியில் படம், ரெண்டு ஒடிசாப் பிள்ளைகளோடு சிநேகம், நூல் மெஷினில் எத்தனை சைடு பார்ப்பாள், அறுந்த நூலை ஓடிக்கொண்டே எப்படி ஒட்டுவாள் என்று கையால் காற்றில் காட்டினாள். பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். அப்புறம் அதே குரலில், தலைமுடியில் பஞ்சு இறங்குவதை, இருமல் வந்ததை, மாத விலக்கு வலிக்கு அட்டை இல்லாமல் கையில் கொடுக்கிற மாத்திரையைச் சொன்னாள். இரண்டு வருஷம் நாலு மாதத்தில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டாள். மொத்தப் பணம் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, ‘ஸ்கீம் முடிக்கலையே’ என்றார்களாம்.

கேட்டுக்கு வெளியே வரைக்கும் கூடப் போனேன். “அன்னைக்கு நான் உங்க அம்மாகிட்ட பாதுகாப்பா இருக்கும்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“இல்ல டீச்சர்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “நீங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அதுதான் ஞாபகம் இருக்கு.”

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஜூன் முதல் வாரம் வரைதான் எங்கள் பக்கத்தில் ஃபைல்கள் நடமாடும் காலம். பள்ளியிலிருந்து பேரெடுத்து, அடுத்த பள்ளியில் சேராத பிள்ளை எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறைக் கணினிப் பதிவில் ‘காமன் பூல்’ என்ற பட்டியலில் கிடப்பாள். இடைநிற்றல் கணக்கெடுப்புக்கு யாராவது போவதற்குள் அவள் முதல் ஷிப்டே பார்த்து முடித்திருப்பாள். அதனால் நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பத்தாவது எழுதிய ஒவ்வொரு பேருக்கும் நேரே வாரம் ஒரு கட்டம். போன் போட்டு அம்மாவிடம் இல்லை, பிள்ளையிடமே பேச வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. என்ன குரூப் எடுக்கிறாய், எந்தப் பள்ளி, பஸ் எத்தனை மணிக்கு. ஒரு பேருக்கு இரண்டு நிமிஷம்.

இந்த வருஷம் 31 பேர். நேற்று ராத்திரியோடு 29 கட்டத்தில் டிக். ஒரு பையன் எடுக்கவில்லை, அவன் ஆட்டோ ஓட்டும் அப்பாவைக் காலையில் ஸ்டாண்டில் பிடித்துவிடலாம். இன்னொன்று, ஆட்டுக்குட்டி ரகசியம் சொன்னவள். அம்மா எடுத்தார்.

“அவ அவங்க சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர். லீவுதான.”

“எந்த ஊருங்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பல்லடம்.”

“எப்பப் போனா? அவகிட்டப் பேசலாமா?”

“சார்ஜ் இல்ல டீச்சர், அப்புறம் போடுறேன்” என்று வைத்துவிட்டார். நோட்டில் பல்லடம் என்று எழுதினேன். ஆறாம் வகுப்பில் அவள் சேர்ந்த விண்ணப்பத்தில் குடும்ப விவரம் இருக்கிறது, அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை. 1098-க்குச் சொல்லிவிட்டேன், நம்பர் குறித்துக்கொண்டார்கள். அவள் ஊருக்கு முதல் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு.